ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை விற்ற கதை

போன மாதம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை விற்றேன். எழுபத்தைந்து வயதில் உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ராகம் கண்டுபிடிப்பதிலும் நான் பூஜ்யம். கிட்டார் என் தம்பியுடையது. கூடப்பிறந்தவன் அல்ல, சித்தப்பா மகன். ஆனால் ஒரே வீட்டில் வளர்ந்தோம்.

விற்கப்போன இடத்தில் ஒருவர் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். அது சரியா தப்பா என்று தீர்மானிக்க முடியாமல் நாலு நாள் புத்தகமும் இணையமுமாகத் தேடினேன். முப்பத்தாறு வருடம் ஆபீசில் கோப்பு புரட்டிய கை சும்மா இருக்குமா? தேடியதில் கிடைத்த சரித்திரத்தையும், அதனால் எனக்கு உறைத்த ஒரு பழைய தவறையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக் கதை. நான் புதுச்சேரிக்காரன் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கல்வே காலேஜில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ல் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ல்தான். 1956ல் கையெழுத்தான ஒப்பந்தம் அன்றைக்குத்தான் அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு ஷரத்து. எங்கள் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. சித்தப்பா எழுதிக் கொடுத்தார். ஒரே கூரை, ஒரே அடுப்பு, இரண்டு தேசம். புதுச்சேரியில் இப்படி எத்தனையோ வீடுகள்.

அதனால் நான் புதுச்சேரி அரசில் கிளார்க் ஆனேன். தம்பி 1972ல், பத்தொன்பது வயதில், பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனான். லீவில் வரும் சொல்தாக்கள் கொண்டுவரும் பெட்டியைப் பார்க்கத் தெருவே கூடும். சென்ட்டு பாட்டில், டேப் ரெக்கார்டர், சாக்லெட். 1977ல் என் தம்பி கொண்டுவந்தது ஒரு யமஹா எலெக்ட்ரிக் கிட்டார். எஸ்ஜி வரிசையில் விலை குறைந்த மாடல். கூடவே சூட்கேஸ் அளவில் ஒரு ஆம்ப்ளிஃபயர்.

அந்தக் காலத்தில் அப்படி ஒரு பொருள் வீட்டுக்கு வருவது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். வெளிநாட்டு நுகர்பொருள்களை வியாபாரத்துக்கு இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும். 1991க்குப் பிறகு கெடுபிடி குறைந்தாலும், நுகர்பொருள்கள் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் முழுவதுமாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதுவரை நல்ல வெளிநாட்டுக் கிட்டார் வேண்டுமென்றால், வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து, அதை அவர் விற்கவும் மனசு வைக்க வேண்டும். ஆகவே நம் ஊரில் எலெக்ட்ரிக் கிட்டாரின் சரித்திரம் என்பது பெரும்பாலும் செகண்ட் ஹாண்ட் கிட்டாரின் சரித்திரம்தான். கை மாறி, கை மாறி வந்தது.

மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ‘மூசி மியூசிக்கல்’ கடையை அறியாதவர் கிடையாது. 1842ல் மிஸ்க்வித் கம்பெனி என்று தொடங்கியது. இப்போதுள்ள பெயர் பிரெஞ்சு. ‘ம்யூஸே ம்யூஸிக்கால்’ என்று சொல்ல வேண்டும். தம்பி லீவில் வந்தால் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி அங்கே போய் நின்றுவிட்டு வருவான். வாங்குவது கிட்டார் கம்பி மட்டும்தான்.

1981 லீவில் நடந்ததுதான் விஷயம். கிட்டாரின் நடுவில் கம்பிகளுக்குக் கீழே இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். இங்கிலீஷில் ‘பிக்கப்’ என்பார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘மிக்ரோ’ என்றே பெயர். ஒலிபெருக்கி மைக்குக்கும் அதே சொல்தான். கம்பெனியில் வந்த இரண்டு மிக்ரோவையும் கழற்றிவிட்டு, அமெரிக்காவில் செய்த டிமார்ஸியோ மிக்ரோக்களைத் தம்பி 1980ல் மாட்டியிருந்தான். பாலேட்டு நிறத்தில் இருந்தன. கறுப்பு மரத்தில் அந்த நிறம் பல் செட்டு மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

“அண்ணே, இப்ப கேளு” என்று கூடத்தில் உட்கார்ந்து வாசித்தான். சத்தம் கனமாக வந்தது. என் காதுக்கு அது இரைச்சல். “நல்லா இருந்த சாமானை ஏன்டா கெடுத்தே? ஒரு மாசச் சம்பளம் போட்டு வாங்கினதைப் பிரிச்சுப் போட்டுட்டியே” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தான். அதற்குப் பிறகு நாற்பது வருடம் அவன் இருந்தான். பென்ஷன் வாங்கிக்கொண்டு 1989ல் புதுச்சேரிக்கே வந்துவிட்டான். பக்கத்து அறையில் வாசிப்பான். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவான். 2021ல் காலமானான்.

இப்போது அந்தப் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கிறோம். அவன் மகள் பிரான்ஸில் நர்ஸ். போனில் சொன்னாள்: “பெரியப்பா, அப்பா கிட்டாரை வித்துடுங்க. விலை பத்திக் கவலை இல்லை. வாசிக்கிறவங்க கையில போனா போதும்.” நான் மனைவி போன பிறகு மகனோடு இங்கே வல்லக்கோட்டைப் பக்கம் வந்துவிட்டவன். பிரெஞ்சுக்காரர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து 2010ல் ஒரகடத்தில் திறந்த கார்த் தொழிற்சாலையில்தான் மகனுக்கு வேலை. ஆக, கிட்டார் பெட்டியும் காரில் ஏறி இங்கே வந்தது.

பெட்டிக்குள் பிரெஞ்சு பிஸ்கோத்து டப்பா ஒன்றும் இருந்தது. திறந்தால் பஞ்சு சுற்றி இரண்டு மிக்ரோ. 1977ல் கம்பெனியில் வந்தவை. தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறான்.

சென்னையில் பழைய வாத்தியம் வாங்கி விற்கும் ஒருவரிடம் மகன் கூட்டிப் போனான். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இப்படியே கொடுத்தா முப்பதாயிரம். ஆனா அந்த டப்பாவுல இருக்கிறதைத் திரும்ப உள்ளே மாட்டி, கம்பெனியில் வந்தபடி, யாரும் கை வைக்காததுன்னு சொல்லி வித்தா ஐம்பதாயிரம் வாங்கித் தர்றேன். இந்த டிமார்ஸியோவை நான் தனியா எடுத்துக்கிறேன்.”

எனக்குக் குழப்பம். நல்ல பாகம் போட்டிருக்கிறது. அதற்கு விலை கூடத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது? பழையதை மாட்டினால் ஏன் கூடுகிறது? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சரித்திரம் தேட ஆரம்பித்தது அன்றைக்கு ராத்திரிதான்.

மிக்ரோ என்பது என்ன? ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. அவ்வளவுதான். மேலே இருக்கும் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. புலம் கலைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831ல் ஃபாரடே கண்டுபிடித்த தத்துவம். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் வண்டிக்குப் பூட்டுகிற ஆல்டர்னேட்டர் முதல் சைக்கிள் டைனமோ வரை எல்லாவற்றுக்கும் இதே தத்துவம்தான். நைலான் கம்பி போட்டால் இதில் சத்தமே வராது. காந்தத்துக்கு வசப்படும் கம்பி வேண்டும்.

இதைக் கிட்டாருக்கு முதலில் உருப்படியாகச் செய்தவர் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர். ஹவாயன் கிட்டார் வாசிப்பவர். மடியில் படுக்க வைத்து, எஃகுத் துண்டால் கம்பி மேல் வழுக்கி வாசிப்பார்களே, அது. பெரிய வாத்தியக் குழுவில் அதன் சத்தம் எடுபடவில்லை என்பது அவர் குறை. 1931ல் லாட வடிவக் காந்தங்களை வைத்து ஒன்றைச் செய்தார். அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற பட்டறைக்காரரோடு சேர்ந்து 1932ல் அலுமினியத்தில் வார்த்து விற்றார்கள். வட்டமான உடம்பு, நீளமான கழுத்து. அதனால் ‘வறுக்கும் சட்டி’ என்றே பெயர் வந்துவிட்டது.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அமெரிக்க ஆபீசும் ஆபீஸ்தானே! இது வேலை செய்கிற வாத்தியம்தானா என்றே அங்கே சந்தேகம். கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, அதிகாரிகள் முன்னால் வாசித்துக் காட்ட வைத்தார்கள் என்று சொல்வார்கள். உரிமம் கைக்கு வந்தது 1937 ஆகஸ்டில். அதற்குள் மற்ற கம்பெனிகள் எல்லாம் செய்து விற்க ஆரம்பித்துவிட்டன.

அடுத்த தலைவலி ‘ஹம்’. வீட்டுக் கரண்டின் ஓட்டத்தை அந்தச் சுருள் வாங்கி ‘ம்ம்ம்’ என்று முனகும். நம் ஊரில் விநாடிக்கு 50 சுழற்சி, அமெரிக்காவில் 60. அதனால் முனகலின் சுருதி ஊருக்கு ஊர் மாறும்! கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்ற ரேடியோ மெக்கானிக் அதற்கு வழி கண்டுபிடித்தார். ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள். இரண்டையும் எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். கரண்டு முனகல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கம்பியின் ஓசை மட்டும் இரண்டிலும் ஒரே திசையில் வந்து கூடும். ‘ஹம்’மை ஒழிப்பதால் ‘ஹம்பக்கர்’. பிரெஞ்சில் ‘இரட்டைச் சுருள் மிக்ரோ’.

இங்கே ஒரு கிளார்க் ரசிக்க வேண்டிய சமாசாரம் உண்டு. லவர் விண்ணப்பம் போட்டது 1955 ஜூன் 22ல். உரிமம் வந்தது 1959 ஜூலை 28ல். இடையில் 1957லிருந்து கிட்டாரில் மாட்டி விற்றார்கள். ஒவ்வொரு மிக்ரோவின் அடியிலும் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு சீட்டு. உரிமம் வந்த பிறகும் சில வருடம் அதே சீட்டையே ஒட்டினார்கள். இன்றைக்கு அந்தச் சீட்டுள்ள மிக்ரோ ஒன்றே ஆயிரக்கணக்கான டாலர் விலை போகிறது. நிலுவைக் காகிதத்துக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் கேள்விப்பட்டதே இல்லை. என் மேஜையில் நிலுவையில் கிடந்ததற்கெல்லாம் திட்டுதான் கிடைத்தது.

வியாபாரி சொன்னதன் சூட்சுமம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. பழைய கிட்டாருக்கு இரண்டு வகை கிராக்கி. வாசிக்கிறவனுக்கு ஓசை முக்கியம். சேகரிக்கிறவனுக்குப் பிறந்த மேனி முக்கியம். ஒரு திருகாணி மாறினாலும் விலை இறங்கும். வாசிப்பவன் மாற்றுவது சேகரிப்பவனுக்கு நஷ்டம்.

ஆனால் மேலும் படிக்கப் படிக்க, இந்த வாத்தியத்தில் ‘கை வைக்காதது’ என்று ஒன்று இருக்க முடியுமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. 1972ல் லாரி டிமார்ஸியோ என்பவர் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற மிக்ரோவைக் கொண்டுவந்தார். கிட்டார் இல்லாமல் மிக்ரோவை மட்டும் தனியாக விற்றார். உன் கிட்டாரில் இருப்பதைக் கழற்று, இதை மாட்டு என்பதற்காகவே செய்த முதல் சரக்கு அது என்கிறார்கள். வலுவான செராமிக் காந்தம், கூடுதல் சுற்று. ஆம்ப்ளிஃபயரை முட்டித் தள்ளுகிற மாதிரி ஓசை. அடுத்த சில வருடங்களில் சீமோர் டங்கன் என்பவரும் அதே தொழிலில் இறங்கினார். 1970களின் பிற்பாதியில் எடி வான் ஹேலன் என்ற இளைஞன் ஒரு கம்பெனி மாடல் உடம்பில் வேறொரு கம்பெனியின் ஹம்பக்கரை வெட்டி வைத்து ஒட்டுக் கிட்டார் ஒன்று செய்துகொண்டான். 1978ல் அவன் இசைத்தட்டு வந்ததும் உலகமே அந்த ஓசையைத் தேடியது. என் தம்பி பிரான்ஸில் ராணுவக் குடியிருப்பில் உட்கார்ந்து கிட்டாரைப் பிரித்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அவன் கெடுக்கவில்லை, அந்தக் காலத்தோடு நடந்திருக்கிறான். நான்தான் பின்தங்கியிருந்தேன்.

நம் பக்கம் என்ன நடந்தது என்றும் பார்த்தேன். ஹவாயன் கிட்டார் இங்கே சீக்கிரமே வந்துவிட்டது. ஹவாய்த் தீவுப்பக்கக் கலைஞர்கள் நம் நாட்டில் ஊர் ஊராக வாசித்தார்கள். டாவ் மோ என்பவர் குடும்பத்தோடு 1940களில் கல்கத்தாவிலேயே இருந்தார். லக்னோக்காரரான வான் ஷிப்ளி எலெக்ட்ரிக் கிட்டாரில் இந்தி சினிமாப் பாட்டுகளை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுகளை நம்மில் பலர் கேட்டிருப்போம். ரேடியோவில் இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே நேரம் மிஞ்சினால் அந்த மாதிரி இசைதானே ஓடும்!

ஆனால் பிக்கப்பை நம் சங்கீதத்துக்கே கொண்டுவந்து உட்கார வைத்தவர் என்றால் மாண்டலின் ஸ்ரீனிவாஸ்தான். 1969ல் ஆந்திராவில் பாலகொல்லுவில் பிறந்தவர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயால் பாடுவார். பையன் அதை வாத்தியத்தில் பிடிப்பான். 1981ல் மெட்ராஸில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி கச்சேரியில் அவர் வாசித்தபோது பன்னிரண்டு வயது. நானும் தம்பியும் முறைத்துக்கொண்ட அதே வருடம்.

மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நாலு ஜோடி. தட்டினால் ‘டிங்’ என்று வந்து உடனே அடங்கிவிடும். நம் கமகத்துக்கு ஓசை நிற்க வேண்டும். நிற்கிற ஓசையைத்தான் இழுத்து அசைக்க முடியும். ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே சுருதியில் இழுபடுவதும் கஷ்டம். ஸ்ரீனிவாஸ் எடுத்துக்கொண்டது எலெக்ட்ரிக் மாண்டலின். ஜோடிகளை ஒற்றையாக்கி ஐந்து கம்பி வைத்தார். பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் ஓசையைத் தாங்கிப் பிடித்தன. அதில் ஆலாபனை கேட்டவர்களுக்கு இது எந்த ஊர் வாத்தியம் என்ற நினைப்பே வராது. இது கர்நாடக சங்கீதத்துக்கு ஆகுமா என்று கேட்டவர்களும் அன்றைக்கு இருந்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர் வாசித்துக்கொண்டே போனார். 1998ல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர் 19ல், நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். அன்றைக்கு நாலு கம்பி குறைந்தது, ஒரு கம்பி கூடியது, மாண்டலினைக் கெடுத்துவிட்டார் என்று யாராவது அழுதார்களா?

யமஹா கதையும் இதே ஜாதிதான். வல்லம் வடகால் சிப்காட்டில் 2015ல் திறந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைத் தாண்டித்தான் நான் அடிக்கடி போகிறேன். அந்தக் கம்பெனி முத்திரையை உற்றுப் பாருங்கள். மூன்று சுருதிக் கவைகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அதே மூன்று கவை தம்பி கிட்டாரின் தலையிலும் உண்டு. டோராகுசு யமஹா 1887ல் ஜப்பானில் ஹமாமட்சு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழுதான ஓர் அமெரிக்க ஹார்மோனிய வகை ஆர்கனைச் சரிசெய்யப் போனார். பிரித்துப் பார்த்தார், இதை நாமே செய்யலாமே என்று தோன்றியது. கம்பெனி பிறந்தது அப்படித்தான். எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆரம்பித்தது 1966ல். மோட்டார் சைக்கிள் பிரிவு 1955ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. வாத்தியப் பிரிவும் 2019ல் சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை தொடங்கி, கீபோர்டும் கிட்டாரும் செய்கிறது. லீவில் வரும் சொல்தா பெட்டிக்காகத் தெரு காத்திருந்த காலம் எங்கே, இது எங்கே! எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒருவர் பிறர் சாமானைப் பிரித்துப் பார்த்ததுதான்.

இப்போது என் தீர்மானத்துக்கு வருகிறேன். ஆபீசில் புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இது: பதிவேட்டில் திருத்தம் இருப்பது குற்றமில்லை. தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். சுரண்டி அழித்துவிட்டு மேலே எழுதினால்தான் குற்றம். வியாபாரி என்னைச் சுரண்டச் சொன்னார். பழைய மிக்ரோவைத் திரும்ப மாட்டுவதில் பாவம் இல்லை. மாட்டிவிட்டு, இதில் யாரும் கை வைக்கவே இல்லை என்று சொல்வதுதான் பாவம். ஒருவேளை வாங்குபவன் கண்டுபிடிக்காமலே போகலாம். ஆனால் என் தம்பி அந்தக் கிட்டாரில் செய்த ஒரே காரியத்தை, இருபதாயிரம் ரூபாய்க்காக நானே இல்லை என்று சொன்னதாக ஆகும். 1981ல் ஒரு தடவை சொன்னது போதாதா?

மகனிடம், கிட்டார் விற்பனைக்கு என்று நாலு பேரிடம் சொல்லி வை, எல்லாம் மாற்றியதுதான் என்பதையும் சேர்த்துச் சொல் என்றேன். இரண்டு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பையன் வந்தான். இருபத்தாறு வயதிருக்கும். திண்டுக்கல் பக்கம். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. காலையில் சர்ச்சில் வாசித்துவிட்டு நேராக வந்திருந்தான். “வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி மாமா கடையில மோட்டார் காயில் கட்டிக்கிட்டு இருந்தேங்க ஐயா” என்றான். மிக்ரோவை விளக்க வேண்டியதே இல்லை. அவனுக்கு அது இன்னொரு காயில்.

அவன் கிட்டாரைச் சோதித்த விதம் பழைய சாமான் வாங்குகிற எல்லாருக்கும் பாடம். முதலில் வாசிக்கவில்லை. கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மரம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தான். கட்டைகளில் கம்பி தேய்த்த பள்ளத்தை விரலால் தடவினான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டு ஒவ்வொரு திருகியையும் மெதுவாகத் திருப்பிக் கரகரக்கிறதா என்று காது கொடுத்தான். சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் மிக்ரோவை லேசாகத் தொட்டான். ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று வந்தது. உயிர் இருக்கிறது என்று அர்த்தமாம். பிறகு என்னைப் பார்த்து, “பின்னாடி மூடியைக் கழட்டிப் பாக்கலாங்களா?” என்றான்.

“தாராளமாப் பாரு தம்பி” என்றேன். அவனைத் தம்பி என்று கூப்பிட்டபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

உள்ளே சால்டர் செய்த இடங்கள் இரண்டு நிறத்தில் இருந்தன. கம்பெனிப் பற்று மங்கல், தம்பி வைத்த பற்று கொஞ்சம் தடிமன். பையன் மல்டிமீட்டரை வைத்தான். ஒரு மிக்ரோ 13 கிலோ ஓமுக்கு மேல், இன்னொன்று 8க்குக் கொஞ்சம் கீழே. “பெரிசு சூப்பர் டிஸ்டார்ஷன்தாங்க ஐயா, டூப்ளிகேட் இல்லை. மாட்டினவரு கை சுத்தமான கை. ஒயரை முறுக்காம, எர்த்தை ஒழுங்கா எடுத்துப் போட்டிருக்காரு. யாருங்க பண்ணது?”

என் தம்பி என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை.

அதன் பிறகுதான் வாசித்தான். பாட்டு எனக்குத் தெரியாது, சர்ச்சுப் பாட்டாக இருக்கலாம். மெதுவான பாட்டு. ஒரே ஓசை நின்று, அசைந்து, அடங்கியது. நாற்பத்துநாலு வருடத்துக்கு முன் கூடத்தில் கேட்ட அதே கனம். இரைச்சல் என்று சொன்னேனே, அதுதான் இது. நான் அன்றைக்கு முழுசாகக் கேட்டிருந்தால் போதும்.

முப்பத்திரண்டாயிரத்துக்குத் தந்தேன். அவனால் முடிந்தது அவ்வளவுதான், அதிலும் ஐந்தாயிரம் அடுத்த மாதச் சம்பளத்தில் தருவதாகச் சொன்னான், தந்தும்விட்டான். பிஸ்கோத்து டப்பாவையும் சேர்த்துக் கொடுத்தேன். பழைய பாகம் கிட்டாரோடு போக வேண்டும். நாளைக்கு யாராவது திரும்ப மாட்ட நினைத்தால் வழி இருக்க வேண்டும்.

கூடவே ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தேன். வரிசை எண், பாகம், மாற்றிய வருடம், பழைய பாகம் இருக்கும் இடம், காரணம். இரண்டு மிக்ரோ, 1980, டப்பாவில் உள்ளது. ஒலியளவுத் திருகி ஒன்று, 1994, புதுச்சேரியில் ரேடியோ ரிப்பேர்க் கடையில் மாற்றியது, பழையது இல்லை, காரணம் கரகரப்பு. மற்றவை கம்பெனியில் வந்தபடி. மிக்ரோவுக்கு நேரே காரணக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அவனிடம் நான் கேட்டதே இல்லையே. கெடுத்தே என்றுதான் சொன்னேனே தவிர, ஏன்டா மாற்றினாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

பையன் காகிதத்தைப் படித்துவிட்டு, “இது மட்டும் விட்டுப் போச்சுங்க ஐயா” என்று விரல் வைத்துக் காட்டினான்.

பேனாவை வாங்கி, ‘வாசித்தவர் விருப்பம்’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன்.